பழைய விண்டோஸ் கணினியில் லினக்ஸ் மின்ட்: நிறுவுவது முதல் அடுத்த வெர்ஷனுக்கு மாறுவது வரை முழுமையான வழிகாட்டி

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கேட்கிறது, இன்டெல் ப்ராசஸர் என்றால் பெரும்பாலும் 8-ம் தலைமுறைக்குக் கீழே ஏற்றுக்கொள்வதில்லை. நல்ல நிலையில் இருக்கும் எத்தனையோ லேப்டாப்கள் இந்த ஒரே காரணத்தால் மூலையில் கிடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸில் இன்னும் பல வருஷம் தாராளமாக ஓடும். அப்படி ஒரு கணினி உங்களிடம் இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

லினக்ஸில் நூற்றுக்கணக்கான வகைகள் உண்டு. நான் இங்கே லினக்ஸ் மின்ட்டை எடுத்துக்கொள்கிறேன். 2006-ல் தொடங்கியது, உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) வெர்ஷன் மேல் கட்டப்படுவது, விண்டோஸில் பழகிய கைக்கு கீழே டாஸ்க்பாரும் இடது மூலையில் மெனுவும் அப்படியே இருக்கும். முக்கியமாக, கிட்டத்தட்ட எல்லா வேலையையும் மவுஸாலேயே முடித்துவிடலாம். இப்போதைய 22 வரிசை 2024 ஜூலையில் வந்தது, 2029 வரை அப்டேட் கிடைக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறுவுவது அரை மணி நேர வேலை, அதில் யாரும் பெரிதாகச் சிக்குவதில்லை. சிக்குவதெல்லாம் அதற்கு முன்னால் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதால்தான். அதனால் முன்வேலைப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

உங்கள் கணினிக்கு எது

குறைந்தபட்சம் 2 ஜிபி ராம், 20 ஜிபி டிஸ்க் இடம் என்பது மின்ட் சொல்லும் கணக்கு. வசதியாக ஓட 4 ஜிபி ராமும் 100 ஜிபி இடமும் வேண்டும் என்று அவர்களே சொல்கிறார்கள், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வடிவங்களில் வருகிறது: சின்னமன், மேட், எக்ஸ்எஃப்சிஇ. 8 ஜிபி ராம் இருந்தால் யோசிக்காமல் சின்னமன். 4 ஜிபி இருந்து எஸ்எஸ்டியும் இருந்தால் அதற்கும் சின்னமன் போடலாம். 2 ஜிபி ராமும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் என்றால் எக்ஸ்எஃப்சிஇ. 2011-ல் தொடங்கி தமிழக அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்கள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன, பழையவற்றுக்கு எக்ஸ்எஃப்சிஇதான் சரி. அதோடு ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி மாட்டினால் வித்தியாசம் முதல் பூட்டிலேயே தெரியும். பழைய கணினிக்குச் செய்யும் செலவில் இதைவிடப் பயனுள்ளது எதுவும் இல்லை.

32 பிட் ப்ராசஸர் உள்ள மிகப் பழைய கணினியில் மின்ட் 22 ஓடாது.

அப்புறம், நீங்கள் தினமும் பயன்படுத்தும் மென்பொருளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பிரவுசர், வாட்ஸ்ஆப் வெப், யூடியூப், ஆபீஸ் ஃபைல்கள், பிடிஎஃப் என்றால் எந்தக் கவலையும் இல்லை. டேலி, போட்டோஷாப், கோரல்டிரா இவை லினக்ஸுக்கென்று வருவதில்லை. பிழைப்பே இவற்றில்தான் என்றால் விண்டோஸை வைத்துக்கொண்டு பக்கத்தில் மின்ட்டைப் போடுங்கள், அல்லது இப்போதைக்கு மாறவே வேண்டாம். பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்த பழைய ஆவணங்கள் இருந்தால் அந்த எழுத்துரு ஃபைல்களையும் சேர்த்து எடுத்து வையுங்கள். மின்ட்டில் நிறுவிவிட்டால் லிப்ரேஆபீஸில் பழையபடி தெரியும்.

டவுன்லோடும் சரிபார்ப்பும்

மின்ட்டின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் ஐஎஸ்ஓ ஃபைலை (நிறுவ வேண்டிய சிஸ்டம் முழுவதும் அடங்கிய ஒரே ஃபைல்) எடுங்கள். கிட்டத்தட்ட 3 ஜிபி இருக்கும். தினம் 2 ஜிபி என்ற போன் டேட்டாவில் ஓட்டுபவர்கள் டொரன்ட் வழியாக எடுப்பது நல்லது, இன்று பாதி, நாளை மீதி என்று விட்ட இடத்திலிருந்து இறங்கும். நேரடியாக இறக்குவதென்றால் உங்கள் நாட்டிலேயே இருக்கும் மிரரைத் (அதே ஃபைலின் நகலை வைத்திருக்கும் சர்வர்) தேர்ந்தெடுங்கள்.

இறக்கியதும் பென்டிரைவில் போடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். 2016 பிப்ரவரி 20-ம் தேதி மின்ட்டின் தளத்துக்குள்ளேயே யாரோ புகுந்து, 17.3 சின்னமன் டவுன்லோடு இணைப்பை பின்வாசல் வைத்த வேறொரு ஐஎஸ்ஓவுக்கு மாற்றிவிட்டார்கள். தங்கள் ஃபைல் போலியா என்று அன்றைக்கு இறக்கியவர்கள் கண்டுபிடிக்க, சரியான செக்சம்களை (ஃபைலின் கைரேகை போன்ற ஒரு வரி) மின்ட் பின்னர் வெளியிட்டது. பாதியில் கெட்டுப்போன டவுன்லோடையும் இதே சோதனை காட்டிக்கொடுக்கும். விண்டோஸில் 7-ஜிப் இருந்தால் ஐஎஸ்ஓ மேல் ரைட் கிளிக் செய்து சிஆர்சி எஸ்எச்ஏ என்பதற்குள் எஸ்எச்ஏ-256ஐ அழுத்துங்கள். நீளமான எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு வரி வரும். டவுன்லோடு பக்கத்தில் கொடுத்திருக்கும் வரியோடு அது எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் அந்த ஃபைலை அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.

பென்டிரைவ் 8 ஜிபி போதும். அதில் இருப்பதெல்லாம் அழியும், படம் கிடம் இருந்தால் வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். ஐஎஸ்ஓவை சும்மா காப்பி செய்து ஒட்டினால் பூட் ஆகாது, எட்சர் அல்லது ரூஃபஸ் போன்ற ஒன்றால்தான் எழுத வேண்டும். எட்சர் எளிது: ஃபைலைக் காட்டு, பென்டிரைவைக் காட்டு, ஃப்ளாஷ். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் எதுவும் மாட்டியிருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள், தவறுதலாக அதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இருக்காது. எழுதி முடித்ததும் விண்டோஸ் 'டிஸ்கை ஃபார்மட் செய்யவா' என்று கேட்கலாம். வேண்டாம் என்று மூடிவிடுங்கள்.

விண்டோஸுக்குள் செய்ய வேண்டிய முன்வேலை

முதலில் பேக்கப். போட்டோ, சான்றிதழ் ஸ்கேன்கள், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், டெஸ்க்டாப்பில் கிடக்கும் ஃபைல்கள் எல்லாம் இந்தக் கணினியைத் தவிர வேறொரு இடத்தில் இருக்க வேண்டும். டி டிரைவுக்கு மாற்றி வைப்பது பேக்கப் இல்லை, அதுவும் அதே டிஸ்க்தான். பேக்கப் எடுத்த ஃபைல்களில் நாலைந்தை வேறு கணினியில் திறந்தும் பாருங்கள்.

விண்டோஸை முழுதாக அழித்துவிட்டு மின்ட் மட்டும் வைக்கப் போகிறீர்கள் என்றால் இந்தப் பகுதியின் மீதியை விட்டுவிட்டு பென்டிரைவிலிருந்து பூட் செய்யும் இடத்துக்குப் போய்விடலாம், இன்ஸ்டாலருக்கு டிஸ்க் தெரியாவிட்டால் மட்டும் நான்காவதைப் பாருங்கள். இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு இன்னும் நான்கு வேலை இருக்கிறது.

ஒன்று, டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர். புதிய லேப்டாப்களில் நீங்கள் எதையும் தொடாமலேயே டிவைஸ் என்கிரிப்ஷன் ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸ் 11 ஹோமிலும் உண்டு. செட்டிங்ஸில் தேடிப் பார்த்து, அணைத்து, முழுதாக டிகிரிப்ட் ஆகும் வரை காத்திருங்கள். அணைக்கும் முன் ரெகவரி கீயை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பார்த்து 48 இலக்கத்தையும் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பயாஸில் (விண்டோஸ் ஏறுவதற்கு முன்னால் இயங்கும் கணினியின் அடிப்படை செட்டிங்ஸ்) ஏதாவது ஒன்றை மாற்றிய உடனே விண்டோஸ் அந்தக் கீயைக் கேட்டு நிற்பது சர்வசாதாரணம், அந்த நேரத்தில் கீ கையில் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் டேட்டாவை யாராலும் மீட்டுத் தர முடியாது.

இரண்டு, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாமல் அரைத்தூக்கத்தில் டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருக்கும். அப்போது லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எழுத முடியாது, படிக்க மட்டும்தான் முடியும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பகுதியில் இதை அணைத்துவிடுங்கள்.

மூன்று, இடம். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் சி டிரைவை ரைட் கிளிக் செய்து ஷ்ரிங்க் வால்யூம். 100 ஜிபி ஒதுக்க முடிந்தால் நல்லது. காலியான இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள், புது டிரைவாக ஃபார்மட் செய்ய வேண்டாம். விண்டோஸின் பார்ட்டிஷனைச் சுருக்குவதை விண்டோஸிடமே விடுவதுதான் பாதுகாப்பு. மின்ட்டின் இன்ஸ்டாலரும் அதைச் செய்யும், ஆனாலும் நான் விண்டோஸ் வழியைத்தான் சொல்வேன்.

நான்கு, சில இன்டெல் லேப்டாப்களில் மட்டும்: ஸ்டோரேஜ் ஆர்எஸ்டி என்ற இன்டெல்லின் முறையில் இருந்தால் மின்ட் இன்ஸ்டாலருக்கு டிஸ்க்கே தெரியாது. பயாஸில் ஏஎச்சிஐ என்று மாற்ற வேண்டும், ஆனால் நேரடியாக மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாமல் நீலத்திரை காட்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் திறந்து பூட் டேபில் சேஃப் பூட்டை டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள், விண்டோஸ் ஏறுவதற்குள் பயாஸுக்குப் போய் ஏஎச்சிஐ மாற்றுங்கள், சேஃப் மோடில் விண்டோஸ் ஒருமுறை ஏறியதும் அந்த டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். சரியான டிரைவரை அதுவே எடுத்துக்கொள்ளும். பிட்லாக்கர் அணைந்திருக்கிறதா என்பதை இதற்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

பென்டிரைவிலிருந்து பூட்

கணினியை ஆன் செய்தவுடன் பூட் மெனு கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோ, ஏசர் என்றால் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப். சில ஏசர்களில் எஃப்12 மெனுவை பயாஸுக்குள் போய் இயக்க வேண்டியிருக்கும். பட்டியலில் பென்டிரைவ் பெயருக்கு முன் யூஇஎஃப்ஐ என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். செக்யூர் பூட் என்ற பாதுகாப்பை அணைக்க வேண்டியதில்லை, மின்ட் அதோடு ஓடும்.

வரும் மெனுவில் முதல் வரி ஸ்டார்ட் லினக்ஸ் மின்ட். திரை கறுப்பாகவே நின்றால், என்விடியா கார்டு உள்ளவற்றில் இது நடக்கும், ரீஸ்டார்ட் செய்து கம்பாட்டிபிலிட்டி மோட் என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது நீங்கள் பார்ப்பது லைவ் செஷன். எதுவும் இன்னும் நிறுவப்படவில்லை, டிஸ்க்கில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. இங்கே அரை மணி நேரம் செலவழியுங்கள். வைஃபை பிடிக்கிறதா, யூடியூபில் சத்தம் வருகிறதா, கேமரா, புளூடூத், டச்பேடில் இரண்டு விரல் ஸ்க்ரோல், ஸ்கிரீன் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கீ, லேப்டாப்பை மூடித் திறந்தால் எழுந்திருக்கிறதா, பிரின்டர் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். பென்டிரைவிலிருந்து ஓடுவதால் மெதுவாகத்தான் இருக்கும், வேகத்தை இங்கே மதிப்பிட வேண்டாம். வைஃபை மட்டும் வரவில்லையென்றால் பயப்படாதீர்கள். போனை கேபிளில் மாட்டி யூஎஸ்பி டெதரிங் ஆன் செய்தால் மின்ட் உடனே பிடித்துக்கொள்ளும், நிறுவிய பிறகு டிரைவர் மேனேஜரில் வைஃபை டிரைவர் கிடைக்கிறதா பார்க்கலாம். சில பிராட்காம் சிப்களுக்கு இதுதான் வழி.

நிறுவுதல்

டெஸ்க்டாப்பில் இருக்கும் இன்ஸ்டால் ஐகானை அழுத்துங்கள். மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. தமிழில் நிறுவினால் டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களின் பெயரும் தமிழில் அமையக்கூடும், பின்னால் யாராவது கொடுக்கும் உதவிக்குறிப்பைப் பின்பற்றும்போது இது தடுமாற வைக்கும். ஆங்கிலத்தில் நிறுவிவிட்டு லாங்குவேஜஸ் பகுதியில் தமிழுக்கு மாற்றிக்கொள்வது என் பரிந்துரை. கீபோர்டில் இங்கிலீஷ் யூஎஸ் சரியாக இருக்கும். ரூபாய்க் குறி அடிக்கடி வேண்டும் என்றால் இங்கிலீஷ் இந்தியா வித் ருப்பீ (with rupee) என்ற லேஅவுட்டைத் தேர்ந்தெடுங்கள், வலது ஆல்ட் கீயோடு 4ஐ அழுத்தினால் குறி வரும்.

மல்டிமீடியா கோடெக்ஸ் (வீடியோ, பாட்டு ஓடத் தேவையானவை) வேண்டுமா என்று கேட்கும். டிக் செய்யுங்கள். செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால் ஒரு பாஸ்வேர்டு கேட்கலாம், ஏதாவது எளிதாக வைத்து எழுதிக்கொள்ளுங்கள். முதல் ரீஸ்டார்ட்டில் நீலத்திரை ஒன்று வரும், அதில் என்ரோல் எம்ஓகே என்பதைத் தேர்ந்தெடுத்து அந்தப் பாஸ்வேர்டை அடிக்க வேண்டும். அந்தத் திரை சில விநாடிதான் காத்திருக்கும், கவனிக்காமல் விட்டால் என்விடியா டிரைவர் போன்றவை வேலை செய்யாது.

அடுத்து வருவதுதான் முக்கியமான திரை. மூன்று வழிகள் இருக்கும்: விண்டோஸ் பக்கத்தில் நிறுவு, டிஸ்க்கை அழித்து நிறுவு, வேறு ஏதாவது.

மின்ட் மட்டும் போதும் என்றால் அழித்து நிறுவு. கணினியில் இரண்டு டிஸ்க் இருந்தால் எது அழியப் போகிறது என்று அளவை வைத்து உறுதி செய்யுங்கள், 240 ஜிபியா 1 டிபியா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். லேப்டாப்பை வெளியே தூக்கிக்கொண்டு போகிறவர் என்றால் இங்கேயே அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸில் என்கிரிப்ஷனைப் போட்டுவிடுங்கள். பின்னால் சேர்ப்பது பெரிய வேலை.

விண்டோஸும் வேண்டும் என்றால் பக்கத்தில் நிறுவு என்பது போதும், நீங்கள் காலி செய்து வைத்த இடத்தை எடுத்துக்கொள்ளும். விண்டோஸே இல்லாதது போலக் காட்டி அந்த வரியே வரவில்லை என்றால் மேலே போகாதீர்கள். பிட்லாக்கரோ, ஆர்எஸ்டியோ, பென்டிரைவை யூஇஎஃப்ஐ அல்லாத முறையில் பூட் செய்ததோதான் பெரும்பாலும் காரணம், அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள்.

வேறு ஏதாவது என்பது பார்ட்டிஷனை நாமே பிரிக்கும் வழி. ஹோம் ஃபோல்டரைத் தனியாக வைக்க விரும்புகிறவர்களுக்கு இது தேவை. காலி இடத்தில் 50 ஜிபி ஒன்று, இஎக்ஸ்டி4, மவுன்ட் பாயின்ட் வெறும் சாய்கோடு (/). மீதி முழுவதும் இன்னொன்று, அதுவும் இஎக்ஸ்டி4, மவுன்ட் பாயின்ட் சாய்கோடும் ஹோமும் (/home). இப்படி வைத்தால் பின்னொரு நாள் சிஸ்டத்தை மட்டும் ஃபார்மட் செய்து புதிதாக நிறுவலாம், உங்கள் ஃபைல்கள் இருந்த இடத்தில் இருக்கும். ஸ்வாப்புக்குத் தனி பார்ட்டிஷன் வேண்டாம், ஸ்வாப் ஃபைலை அதுவே உருவாக்கிக்கொள்ளும். இந்தத் திரையில் இஎஃப்ஐ என்று 100 எம்பி அளவில் சின்னதாக ஒன்று இருக்கும். விண்டோஸின் பூட் ஃபைல்கள் அதற்குள்தான் இருக்கின்றன. மின்ட்டும் அதையே பகிர்ந்துகொள்ளும். அதில் ஃபார்மட் டிக் இருக்கவே கூடாது.

நேர மண்டலத்துக்கு இந்தியா என்றால் கொல்கத்தா, இலங்கை என்றால் கொழும்பு. பெயர், பாஸ்வேர்டு கொடுத்தால் மீதி தானாக நடக்கும். முடிந்ததும் ரீஸ்டார்ட், பென்டிரைவை எடுக்கச் சொல்லும்போது எடுத்து என்டர். அந்தப் பென்டிரைவை அழிக்காமல் ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். என்றைக்காவது விண்டோஸ் அப்டேட் பூட் வரிசையை மாற்றி மின்ட் வராமல் போனால், அதிலிருந்து பூட் செய்து மெனுவில் இருக்கும் பூட் ரிப்பேரை ஓட்டலாம்.

முதல் நாள் வேலைகள்

முதலில் டைம்ஷிஃப்ட். இது சிஸ்டத்தின் ஸ்னாப்ஷாட் எடுக்கும் கருவி, மின்ட்டோடு வருகிறது. ஆர்சிங்க் முறையைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒன்று என்று வைத்து, இரண்டு மூன்று மட்டும் சேமிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் டிஸ்க் நிரம்பிவிடும். இரண்டு விஷயம் இதில் பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் ஹோம் ஃபோல்டரை இது வழக்கமாக சேர்த்துக்கொள்வதில்லை, போட்டோவுக்கும் ஆவணத்துக்கும் தனி பேக்கப் வேண்டும். இன்னொன்று, என்டிஎஃப்எஸ், ஃபேட் டிரைவ்களில் ஸ்னாப்ஷாட்டை வைக்க முடியாது, இஎக்ஸ்டி4 போன்ற லினக்ஸ் பார்ட்டிஷன் வேண்டும்.

அடுத்து அப்டேட் மேனேஜர். பக்கத்து மிரருக்கு மாறலாமா என்று கேட்டால் சரி என்று சொல்லி வேகமானதைத் தேர்ந்தெடுத்து, எல்லா அப்டேட்டையும் போட்டு ரீஸ்டார்ட். டிரைவர் மேனேஜரைத் திறந்து பரிந்துரைக்கும் டிரைவர் இருந்தால் போடுங்கள், எதுவும் இல்லை என்றால் எல்லாம் லினக்ஸின் மையமான கெர்னலிலேயே இருக்கிறது என்று அர்த்தம். ஃபயர்வாலை ஆன் செய்யுங்கள்.

இரட்டை பூட் வைத்திருப்பவர்கள் விண்டோஸுக்குத் திரும்பும்போது கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கலாம். மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது, வித்தியாசம் அதுதான். மின்ட்டின் டெர்மினலில் (கட்டளை அடிக்கும் ஜன்னல்) timedatectl set-local-rtc 1 என்ற ஒரே கட்டளை இதைத் தீர்த்துவிடும்.

தமிழ் படிப்பதற்கு எதுவும் செய்ய வேண்டாம். அடிப்பதற்கு, மென்பொருள் நிறுவும் சினாப்டிக் என்ற கருவியில் ஐபஸ்-எம்17என் (ibus-m17n) என்று தேடி நிறுவுங்கள். பிறகு இன்புட் மெத்தட் என்ற கருவியில் ஐபஸ்ஸைத் தேர்ந்தெடுத்து, லாக்அவுட் செய்து திரும்ப வந்து, ஐபஸ் ப்ரிஃபரன்ஸஸில் தமிழ் என்பதற்குள் தமிழ்99ஐயோ ஃபொனெடிக்கையோ சேர்த்துக்கொள்ளுங்கள். மொழி மாற்ற சூப்பர் கீயும் ஸ்பேஸும். சாதாரண கீபோர்டு லேஅவுட் பட்டியலிலும் தமிழ் இருக்கிறது, ஆனால் தமிழ்99-ன் தானியங்கிப் புள்ளி அதில் வராது. எம்17என்னில் அ, ம, ம, ஆ என்று நான்கு கீ அழுத்தினால் அம்மா என்று வந்துவிடும். நிறைய எழுதுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

அடுத்த வெர்ஷனுக்கு மாறுவது

மின்ட்டில் இரண்டு விதமான மாற்றம் உண்டு. 22-லிருந்து 22.1, 22.2 என்று போவது சின்னது. அடிப்படை அதே உபுண்டு 24.04தான். அப்டேட் மேனேஜரில் எல்லா அப்டேட்டையும் முடித்துவிட்டு எடிட் மெனுவைத் திறந்தால் அடுத்த வெர்ஷனுக்குப் போக ஒரு வரி இருக்கும். ஸ்னாப்ஷாட் ஒன்று எடுத்துவிட்டு அதை அழுத்துங்கள், கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும்.

21-லிருந்து 22-க்குப் போவது அப்படி இல்லை. உபுண்டு 22.04 அடிப்படையிலிருந்து 24.04-க்கு மாறுகிறது, அதாவது கிட்டத்தட்ட சிஸ்டத்தின் எல்லாப் பேக்கேஜும் மாறும். அதனால் முதல் கேள்வி, இது உங்களுக்கு இப்போது தேவையா? 21 வரிசைக்கு 2027 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. எல்லாம் நன்றாக ஓடுகிறது, புது ஹார்ட்வேர் எதுவும் வாங்கவில்லை என்றால் அவசரமே இல்லை. 20 வரிசையில் இருப்பவர்கள் மட்டும் தள்ளிப்போடக் கூடாது, அதன் ஆதரவு 2025 ஏப்ரலில் முடிந்துவிட்டது. 20-லிருந்து நேராக 22-க்குப் போக முடியாது, 21 வழியாகத்தான் போக வேண்டும், இரண்டு பெரிய தாவலுக்குப் பதில் பேக்கப் எடுத்துவிட்டுப் புதிதாக நிறுவுவதே சீக்கிரம் முடியும்.

மாறுவதென்று முடிவு செய்தால் முதலில் 21.3-க்கு வந்துவிடுங்கள், அப்டேட் மேனேஜரில் எதுவும் பாக்கி இருக்கக் கூடாது. ஹோம் ஃபோல்டரை வெளி டிஸ்க்கில் பேக்கப் எடுங்கள், டைம்ஷிஃப்ட் ஸ்னாப்ஷாட்டும் எடுங்கள். டிஸ்க்கில் இடம் இருக்கிறதா பாருங்கள், பேக்கேஜ்கள் சில ஜிபி அளவுக்கு இறங்கும். சின்னமன் ஆப்லெட், எக்ஸ்டென்ஷன் எல்லாவற்றையும் அப்டேட் செய்யுங்கள். ஸ்கிரீன்சேவரை அணைத்துவிடுங்கள். சாஃப்ட்வேர் சோர்சஸில் நீங்களாகச் சேர்த்த பிபிஏக்களை (மின்ட்டுக்கு வெளியிலிருந்து மென்பொருள் தரும் இடங்கள்) அணையுங்கள், பெரிய மாற்றத்தில் வரும் தகராறுகளில் பாதி இவற்றால்தான். லேப்டாப்பை சார்ஜரில் போடுங்கள். டெஸ்க்டாப் என்றால் யூபிஎஸ்ஸோ இன்வெர்ட்டரோ இல்லாமல் தொடங்க வேண்டாம், பேக்கேஜ்கள் நிறுவிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் சிஸ்டம் பாதியில் நிற்கும்.

சினாப்டிக்கில் மின்ட்அப்கிரேட் (mintupgrade) என்ற பேக்கேஜை நிறுவி, டெர்மினலில் sudo mintupgrade என்று ஓட்டினால் ஒரு ஜன்னல் திறக்கும். முதலில் ஒவ்வொரு சோதனையாகச் செய்யும்: கரண்ட் இணைப்பு, அப்டேட் நிலை, ஸ்னாப்ஷாட் இருக்கிறதா, வெளியிலிருந்து வந்த பேக்கேஜ்கள் எவை. எதிலாவது குறை இருந்தால் அங்கேயே நிறுத்திச் சொல்லும், சரிசெய்யும் பட்டனும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். நீக்கப்படும் பேக்கேஜ் பட்டியல் ஒன்று வரும். அதை வேகமாகத் தள்ளாமல் படியுங்கள். பிரின்டருக்கென்று நீங்கள் தனியாக நிறுவிய டிரைவர் அதில் இருந்தால் வைத்துக்கொள்ளும்படி விருப்பங்களில் குறிப்பிடலாம், அல்லது பெயரை எழுதிக்கொண்டு பிறகு 22-க்கானதை நிறுவலாம். டவுன்லோடு முடிந்து உண்மையான மாற்றம் தொடங்கிய பிறகு கணினியில் வேறு வேலை எதுவும் செய்யாதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் மணிக்கணக்கில் ஆகும். ஒரே வரியில் வெகுநேரம் நிற்பது போலத் தெரிந்தாலும் டிஸ்க் விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது, பவர் பட்டனைத் தொட வேண்டாம்.

முடிந்து ரீஸ்டார்ட் செய்தால் திரையே வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். எடுத்து வைத்த பென்டிரைவிலிருந்து பூட் செய்து, லைவ் செஷனில் டைம்ஷிஃப்டைத் திறந்து, டிஸ்க்கைக் காட்டினால் உங்கள் ஸ்னாப்ஷாட்கள் வரிசையாகத் தெரியும். மாறுவதற்கு முன் எடுத்ததைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டோர் கொடுங்கள், பழைய 21.3 அப்படியே திரும்பிவிடும்.

நல்லபடியாக ஏறிவிட்டால் மின்ட்அப்கிரேட் பேக்கேஜை நீக்கிவிட்டு, அப்டேட் மேனேஜரை ஒருமுறை ஓட்டுங்கள். வைஃபை, சத்தம், பிரின்டர், தமிழ் உள்ளீடு, தூங்கி எழுவது இவற்றை முன்பு லைவ் செஷனில் சோதித்தது போலவே சோதியுங்கள். பிபிஏக்களைத் திரும்ப இயக்கும்போது 24.04-க்கு அவை வெளியாகியிருக்கின்றனவா என்று பார்த்து ஒவ்வொன்றாக இயக்குங்கள், பலவற்றின் தேவையே இப்போது இருக்காது. இரண்டு வாரம் எல்லாம் ஒழுங்காக ஓடினால் 21.3-ன் ஸ்னாப்ஷாட்டை டைம்ஷிஃப்டில் அழித்துவிட்டு, அந்த இடத்தில் 22-ன் ஸ்னாப்ஷாட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.